வீட்டு நாய்களுக்கு உண்டாகும் வலிப்பு நோயும் மருந்து கொடுக்கும் முறையும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலேறும் வீதி, ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரத்தில் ரிவர்ஸ்டன் கணவாயை அடைந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுசாரலில் பிட்டவலைப் பத்தனை, இலுக்கும்புர ஆகிய ஊர்ப்புறங்களுக்கு இறங்குகின்றது. அங்கே மலைச்சரிவிற் படிப்படியாக அமைந்த வயல்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் போஞ்சி, மிளகாய், கத்தரி முதலிய மரக்கறிகளும் செய்கை பண்ணப்படுகின்றன. வயல் முடியுமிடத்திற் காடு தொடங்குவதால், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மரை, குரங்கு ஆகியவற்றின் தொல்லை இங்குள்ள கமக்காரருக்குப் புதியதன்று. கதிர் முற்றும் காலத்திற் காவற்குடிலில் விழித்திருப்பவருக்கு உற்ற துணையாயிருப்பது நாய். அது குரைக்கும் திசையை நோக்கியே வெளிச்சம் பிடிக்கப்படுகின்றது.

அத்தகைய நாய் ஒருநாள் திடீரென விழுந்து, உடல் விறைத்து, கால்களை உதைத்து, வாயில் நுரை தள்ளக் கண்டால் வீட்டார் அஞ்சுதல் இயல்பே. அயலவர் அதனை விசர் நாய் என்பர். தடியும் மண்வெட்டியும் உடனே வந்து சேரும். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் தானே எழுந்து நடந்திருக்கக்கூடிய நாய், அந்தப் பத்து நிமிடத்துள் அடித்துக் கொல்லப்படுவதும் உண்டு. வலிப்பு நோய் கண்ட நாய் பயனற்றதன்று. உரிய மருந்தை உரிய வேளையிற் கொடுத்து வந்தால் அது பல ஆண்டுகள் வளவையும் வயலையும் காத்துக் கிடக்கும். மருந்தைத் தொடங்கிவிட்டு இடையில் நிறுத்துவதே பெருந்தீங்கு.

வலிப்பு நோய் என்பது யாது?

மூளையில் உள்ள நரம்புக் கலங்கள் ஒழுங்கு தவறி ஒரே சமயத்தில் மிகையாகத் தூண்டப்படும்போது வலிப்பு உண்டாகின்றது. வேறு நோயோ நஞ்சோ காரணமாகக் காணப்படாமல், இவ்வாறான வலிப்பு மீண்டும் மீண்டும் வருமாயின் அதனை வலிப்பு நோய் என்பர். பிறவிக் கூற்றினால் வரும் இவ்வகை நோய் பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடைப்பட்ட நாய்களிலே முதன்முதலாகத் தோன்றும். இங்கிலாந்திற் கணக்கெடுத்தவிடத்து, ஆயிரம் நாய்களுக்கு ஆறு என்னும் அளவில் இந்நோய் காணப்பட்டது. ஆகவே, அது அருமையான நோயென்று கொள்வதற்கில்லை.

வலிப்பு வருமுன் சில நாய்கள் அமைதியின்றி அலையும். சில எசமானின் காலடியில் வந்து ஒண்டும். வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை நிற்கும். அவ்வேளையில் நாய்க்கு நினைவில்லை. சிறுநீரும் மலமும் தாமாகக் கழியலாம். பின்னர் எழுந்த நாய் சிறிது நேரம் கண் தெரியாததுபோலத் தடுமாறும், வட்டமிட்டு நடக்கும், அளவுகடந்து பசித்து உண்ணும். வீட்டாரையே அறியாது கடிப்பதும் கூடும். சில மணி நேரத்தில், அரிதாக ஓரிரு நாளில், அது பழைய நாயாகிவிடும்.

பழைய நிலைக்கு இவ்வாறு முற்றாக மீளுதலே விசர்நோயினின்று இதனைப் பிரித்தறியும் தலையாய குறி. விசர்நோய் கண்ட நாய் மீள்வதில்லை. அதன் குணம் நாளுக்குநாள் மாறும், குரல் கம்மும், கீழ்த்தாடை தொங்கும், நீரையும் உணவையும் விழுங்க மாட்டாது, கால்கள் சோரும், சில நாளில் இறந்துபடும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் கடியுண்டவர்களுக்குச் சிகிச்சையளிப்பதும் பரவியதனால், அண்மை ஆண்டுகளில் அத்தொகை முப்பது அளவிற்குக் குறைந்துள்ளது. குறைந்ததேயன்றி நோய் ஒழியவில்லை. ஆதலால், தடுப்பூசி போடாத நாய்க்கு வலிப்புக் கண்டால் அதன் உமிழ்நீரைத் தொடாமலும், பிள்ளைகளை அண்டவிடாமலும், அதனைக் கட்டியோ அடைத்தோ வைத்துப் பதினான்கு நாள் அவதானித்தல் வேண்டும். கடியோ நகக்கீறலோ பட்டவர் அவ்விடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நாளைக்கென்று பாராது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரப்படுத்தியுள்ள வீட்டில், நாய் விழுந்தால் தடியைத் தேடவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

நஞ்சினால் வரும் வலிப்பு

கமக்காரர் வளவில் வலிப்புக்கு இன்னொரு காரணம் மிக அணித்தாக இருக்கின்றது. அது பயிருக்குத் தெளிக்கும் மருந்து. தெளிகருவி கழுவிய நீரை நக்குவதாலும், நஞ்சிட்ட எலிப்பொறியுணவை உண்பதாலும், நத்தைக்கு இடும் மெற்றல்டிகைட்டு உருண்டைகளைத் தின்பதாலும் நாய்கள் வலிப்புற்று வீழ்வதுண்டு. இலங்கையில் 1995ஆம் ஆண்டில் மொனோகுரோட்டபொசு, மெதமிடபொசு ஆகிய கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. அதன் பின்னர் கமக்காரர் பலர் எண்டோசல்பானை நாடினர். அதனை அருந்தியவர்கள் நிறுத்தவியலாத வலிப்புக்கு ஆளாகி மாண்டமையால், 1998ஆம் ஆண்டில் அதுவும் தடைசெய்யப்பட்டது. பூச்சியைக் கொல்வது அதன் நரம்பைத் தாக்கியே கொல்கின்றது. மனிதருக்கும் நாய்க்கும் இருப்பதும் நரம்பே.

நஞ்சினால் வரும் வலிப்பு வலிப்பு நோயைப்போல ஓரிரு நிமிடத்தில் அடங்குவதில்லை. அதற்கு முன்னரே வாயூறல், வாந்தி, கழிச்சல், கண்ணீர், உடல் நடுக்கம் ஆகியன தோன்றும். வலிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வரும். இக்குறிகளைக் கண்டால் காலந்தாழ்த்தாது கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். தெளித்த மருந்தின் போத்தலையோ பெட்டியையோ சுட்டுத்துண்டோடு உடன்கொண்டு செல்வது, வீட்டார் கூறும் நூறு சொற்களிலும் பயனுள்ளது.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பெட்டை நாய், ஈன்ற சில வாரங்களுள் நடுங்கி விறைத்து விழுமாயின், அது இரத்தத்திற் சுண்ணாம்புச் சத்துக் குறைவினால் ஆகலாம். அதுவும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டியதொன்று. கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, காய்ச்சலுடன் தசை துடிக்கும் இளநாய்க்கு டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் இருக்கக்கூடும். இவையாவற்றையும் விலக்கிய பின்னரே வைத்தியர் வலிப்பு நோயென்று முடிவு செய்வார்.

வலிப்பு வந்தபோது செய்யவேண்டியவை

முதலாவதாக நேரத்தைப் பார்த்தல் வேண்டும். நாய் துடிப்பதைக் காண்பவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். ஆகவே கடிகாரத்தையன்றி மனத்தை நம்புதல் ஆகாது. அடுத்து, நாய் கிடக்கும் இடம் பத்திரமானதா என்று நோக்குதல் வேண்டும். சமநிலத்திற் பெரிதும் கேடில்லை. ஆனால் ரிவர்ஸ்டன் போன்ற மலைப்பாங்கான இடங்களில் வரம்பு ஒன்றிலிருந்து அடுத்த வரம்பு ஆளுயரம் தாழ்ந்திருக்கும். நீர் கட்டிய வயலில் விழுந்த நாய், நான்கு அங்குல நீரிலும் மூக்கு அமிழ்ந்து மூச்சடைத்து இறக்கலாம். எனவே, பின்னங்கால்ப் பக்கமாக நின்று, இடுப்பைப் பற்றியோ சாக்கொன்றின்மேல் உருட்டியோ அதனை உலர்ந்த தரைக்கு இழுத்தல் வேண்டும். தலைப்பக்கம் கையைக் கொண்டுபோகலாகாது.

நாய் நாக்கை விழுங்கிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. வாயைத் திறக்கக் கரண்டியையோ விரலையோ நுழைப்பவர் கடியுண்பார். நாயின் பல்லும் உடையும். இரும்பைக் காலிற் கட்டுவதாலும், தேசிப்புளியை வாயிற் பிழிவதாலும் வலிப்பு அடங்குவதில்லை. அது தானாக அடங்கும் நேரத்தில் இவை செய்யப்படுவதனாலேயே இவற்றுக்குப் பெயர் வந்தது. நினைவற்ற நாயின் வாயில் ஊற்றிய எந்த நீரும் நுரையீரலுக்கே செல்லும். கற்பூரம் கலந்த தைலங்களைப் பூசுதலும் தகாது; கற்பூரம் தானே வலிப்பைத் தூண்டும் இயல்புடையது.

வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வந்தாலும், இடையில் நினைவு திரும்பாமலே மறு வலிப்பு வந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. நீடித்த துடிப்பினால் உடற்சூடு ஏறி மூளை கெடும். அப்போது வயிற்றிலும் பாதங்களிலும் நனைத்த துணியை இட்டுக்கொண்டு உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். கணவாயைக் கடந்து போகவேண்டிய கிராமத்தவர்க்கு இது எளிதன்று. இரவிலும் பனிமூட்டத்திலும் அவ்வீதியில் வண்டி ஊர்ந்தே செல்லும். ஆதலால், தொலைவில் வசிப்போர் நோய் உறுதியானவுடனேயே வைத்தியரிடம் இதனை எடுத்துக்கூறுதல் நன்று. டயசிபாம் என்னும் மருந்தைக் குதவழியாகச் செலுத்தி நீடித்த வலிப்பை வீட்டிலேயே தணிக்கலாம். அதனை எவ்வளவு, எப்போது, எப்படிச் செலுத்துவது என்பதை வைத்தியர் கற்பித்து, மருந்தையும் முன்கூட்டியே தருதல் கூடும்.

மருந்தும் அதன் இயல்பும்

ஒரேயொரு வலிப்பு வந்த நாய்க்கு உடனே மருந்து தொடங்குவது வழக்கமன்று. ஆறு மாதத்துள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலிப்புகள் வந்தாலும், நீடித்த வலிப்போ அடுக்கு வலிப்போ ஒருமுறை வந்தாலும், வலிப்பின் பின் நாய் மிகக் கொடிதாக நிலைதடுமாறினாலும் மருந்து தொடங்கப்படும். முதலிற் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பீனோபாபிற்றோன் குளிசையாகும். 1912ஆம் ஆண்டில் யேர்மனியில் மனிதருக்கென வழக்கிற்கு வந்த இம்மருந்து, நூறாண்டு கடந்தும் நாய்களின் வலிப்புக்கு முதன்மருந்தாகவே நிற்கின்றது. விலையும் பெரிதன்று. ஆயினும் வைத்தியரின் சிட்டையின்றி அதனைப் பெறலாகாது.

தொடக்க அளவு பொதுவாக நாயின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 2.5 முதல் 3 மில்லிகிராம் வீதம், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை. பத்துக் கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு அது வேளைக்கு 25 முதல் 30 மில்லிகிராமாகும். நாயை நிறுப்பது கடினமன்று. அதனைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பின்னர் தனியே நின்று, இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் கணித்தாற் போதும். ஆயினும் உரிய அளவை முடிவு செய்பவர் வைத்தியரே. அயல்வீட்டு நாய்க்குப் பொருந்திய அளவு இந்நாய்க்குப் பொருந்தாது.

இம்மருந்து செயற்படும் விதத்தை வயலைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வயலில் நீர் ஒருபுறம் பாய, மறுபுறம் ஊறியும் வற்றியும் போய்க்கொண்டிருக்கும். நாள்தோறும் அளவாகப் பாய்ச்சினால் மட்டம் நிலைக்கும். இரண்டு நாள் மறித்தால் வெடிப்பு விழும். இரத்தத்தில் மருந்தின் மட்டமும் அவ்வாறே. தொடங்கிய அன்றே அது நிரம்புவதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் செல்லும். ஆகவே, முதல் வாரத்தில் மீண்டும் வலிப்பு வந்ததென்று மருந்தைப் பழித்து நிறுத்தலாகாது. இரண்டு வாரத்தின் பின் இரத்தத்தைப் பரிசோதித்து, மட்டம் போதுமா என்று வைத்தியர் அறிவார்.

நிறுத்துதலில் இன்னுமொரு கேடு உண்டு. பல மாதம் இம்மருந்துக்குப் பழகிய மூளை, அது திடீரென அற்றுப்போகும்போது முன்னிலும் கடுமையாகத் தூண்டப்படுகின்றது. நாய் மூன்று மாதமாக விழவில்லை, நோய் மாறிவிட்டது என்று எண்ணிக் குளிசையை நிறுத்தும் வீட்டில், சில நாளில் அடுக்கு வலிப்பு வந்து நாய் மடிதல் கூடும். அது விழாதிருந்தது நோய் மாறியதனால் அன்று. குளிசை வேலை செய்ததனால். நீண்ட காலம் வலிப்பின்றி இருந்தாற்கூட, வைத்தியரின் சொற்படி பல மாதங்களிற் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தல் வேண்டும்.

நடைமுறையில் வேளை தவறுவது பெரும்பாலும் மாலையிலேதான். காலை ஆறு மணிக் குளிசை வீட்டில் நடந்துவிடும். மாலை ஆறு மணிக்கோ கமக்காரர் நாயோடு காவற்குடிலுக்குப் புறப்பட்டிருப்பார்; குளிசை வீட்டுத் தட்டிலே கிடக்கும். இதற்கு எளிய பரிகாரம், நாயின் மாலைச் சோற்றையும் குளிசையையும் ஒன்றாக்குதல். ஒரு கவளம் சோற்றின் நடுவே குளிசையை வைத்து முதலில் உண்ணக் கொடுத்து, விழுங்கியதைக் கண்ணாற் கண்ட பின்னரே மீதிச் சோற்றை வைத்தல் வேண்டும். நாய் குளிசையை மட்டும் ஒதுக்கித் துப்பிவிடுவதில் வல்லது. வெங்காயம் சேர்ந்த கறியை அதற்குப் பயன்படுத்தலாகாது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். குடிலிலும் சில குளிசைகளை ஈரம் புகாத சிறு டப்பாவில் வைத்திருப்பது நல்லது. வேளை தவறியது சற்றுப் பின்னர் நினைவுக்கு வந்தால் உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் அதனை மட்டும் கொடுத்தல் வேண்டும். இரண்டு வேளையையும் சேர்த்துக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது.

முதல் இரண்டு மூன்று வாரம் நாய் மந்தமாகக் கிடக்கும், பின்னங்கால் தள்ளாடும். அக்காலத்தில் அதனை இரவுக் காவலுக்குக் கொண்டுபோதல் தகாது. செங்குத்தான சரிவில் தள்ளாடும் நாய் காட்டுப்பன்றிக்கு எளிதில் இரையாகும். மந்தம் பெரும்பாலும் நீங்கிவிடும். பசியும் தாகமும் சிறுநீரும் மிகுதல் நீடிக்கலாம். பசிக்கிறதென்று சோற்றைக் கூட்டினால் நாய் கொழுக்கும். நிறை ஏறினால் மருந்தளவும் பிழைக்கும். நெடுங்காலம் இம்மருந்தை உண்ணும் நாய்களிற் சிலவற்றுக்கு ஈரல் கெடுவதுண்டு. முரசு மஞ்சளித்தாலோ, உணவை வெறுத்து வாந்தியெடுத்தாலோ வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அவ்வாறான குறி எதுவும் தோன்றாவிடினும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்வது முறை. ஊர் வைத்தியர் தேவை கண்டால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடத்துப் போதனா வைத்தியசாலைக்கு நாயை அனுப்புவார்.

பீனோபாபிற்றோன் போதாதவிடத்து, அல்லது ஈரல் பழுதுற்றவிடத்து, பொற்றாசியம் புரோமைட்டு கொடுக்கப்படும். 1857ஆம் ஆண்டளவிலேயே புரோமைட்டு வலிப்பை அடக்குமென்று அறியப்பட்டது. இதன் மட்டம் இரத்தத்தில் நிலைபெற இரண்டரை முதல் மூன்று மாதம் செல்லும். இம்மருந்தை உண்ணும் நாயின் உப்பு, கூடாமலும் குறையாமலும் ஒரே அளவாயிருத்தல் வேண்டும். உப்புக் கூடினால் சிறுநீரோடு புரோமைட்டும் கழிந்து வலிப்பு திரும்பும்; உப்புத் திடீரெனக் குறைந்தால் மருந்து தேங்கி நாய் மயங்கிக் கிடக்கும். அன்றாடம் வெறுஞ்சோறு உண்ணும் நாய்க்கு, சந்தைக்குப் போய் வந்த நாளில் மட்டும் கருவாட்டுத் தலைகளை அள்ளி வைப்பது அன்பினாலே செய்யப்படும் பிழை.

வீட்டில் யாரேனும் ஒருவருக்கு வலிப்புக்கெனக் கொடுக்கப்பட்ட குளிசையை நாய்க்குப் பங்கிடுதலும் கூடாது. மனித உடலிற் பல மணி நேரம் நிற்கும் பெனிற்றொயின் என்னும் மருந்து, நாயின் உடலில் மூன்று நான்கு மணியிற் பாதியாகிவிடும். நாய்க்குப் பயனில்லை, நோயாளிக்கோ குளிசை குறையும். தெள்ளுக்கும் உண்ணிக்கும் கொடுக்கப்படும் புதிய குளிசைகளிற் சில வலிப்பைத் தூண்டக்கூடியன என்று 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிருவாகம் எச்சரித்துள்ளது. அவற்றை வாங்குமுன் நாயின் நோயை வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும்.

இருப்பும் குறிப்பும்

நல்ல மருந்து கொடுத்தும் எல்லா நாய்களும் முற்றாகத் தேறுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நாய்களுக்கு வலிப்பு நன்கு குறையும். எஞ்சியவற்றுக்கு இரண்டாம் மருந்தும் வேண்டிவரும். சிலவற்றுக்கு அதனாலும் அடங்காது. மாதத்திற்கொருமுறை வந்தது ஆறு மாதத்திற்கொருமுறையாகுமெனின் அதுவே சிகிச்சையின் வெற்றியென்று கொள்ளத்தக்கது. இந்நோயுள்ள நாயிலிருந்து குட்டி எடுத்தல் தகாது. பெட்டை நாயைக் கருத்தடை செய்வித்தால், பருவத்தோடு கூடிவரும் வலிப்புகளும் குறையக்கூடும்.

குளிசை தீர்ந்த பின்னர் வாங்கலாமென்றிருத்தல் மலையோரத்தில் ஆபத்தானது. 2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் தித்வா புயலின்போது மலைநாட்டிற் பல வீதிகள் மண்சரிவினால் அடைபட்டன. வடகீழ்ப் பருவமழை காலமாகிய பெரும்போகத்திலே, ரிவர்ஸ்டன் போன்ற இடங்களில் வீதி தடைப்படுதல் எந்த ஆண்டிலும் நேரக்கூடியது. ஐப்பசி பிறக்குமுன் குறைந்தது ஒரு மாதத்துக்கான குளிசையாவது கையிருப்பில் இருக்கும்படி வைத்தியரைக் கேட்டுச் சிட்டை பெறுதல் வேண்டும். அவற்றை உலர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் அவசியம். சிறு பிள்ளை விழுங்கினால் இம்மருந்து மூச்சையே அடக்கிவிடும். பூச்சிநாசினி வைக்கும் தட்டில் இதனை வைத்தல் கூடாதென்று சொல்லவும் வேண்டுமோ?

விதைப்பும் உரமும் குறித்து வைக்கும் கொப்பியிலேயே ஒரு பக்கத்தை நாய்க்கென ஒதுக்கலாம். வலிப்பு வந்த நாள், மணி, நீடித்த நிமிடம், அதற்கு முன் நாய் உண்டது, வயலில் அன்று தெளித்த மருந்து, தவறிய வேளைகள் ஆகியவற்றை அதில் எழுதுதல் வேண்டும். கையடக்கத் தொலைபேசி உள்ளவர் வலிப்பை ஒரு நிமிடம் படமெடுத்து வைத்தால் இன்னும் நன்று. வைத்தியர் முன் கொண்டுசெல்லப்படும் நாய் பெரும்பாலும் வாலையாட்டிக்கொண்டு நலமாகவே நிற்கும். அவர் காணாத அந்த இரண்டு நிமிடத்தைக் காட்டக்கூடியவை அப்பக்கமும் அப்படமுமே.